கண்டிக்கு ஆள் போன ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

துறையூர், முசிறி, பெரம்பலூர், நாமக்கல், ஆத்தூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும்,

மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் உங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் கண்டிக்கு, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, வேலைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. எப்போதாவது வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவரு கண்டிக்குப் போனவரு, என்ன ஆனாரோ" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரிக்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்களிடம் இருக்கிறது. அவர் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், லயம் என்கிற தோட்டக் குடியிருப்பு வரிசையில் எந்தக் காம்பராவில் கண்ணை மூடினார் என்று எங்களால் சொல்ல முடியும். அதற்கு முந்திய கதைதான் எங்களிடம் இல்லை. அவர் யார் மகன், எந்த ஊர், எந்தத் தெரு, கூடப் பிறந்தவர்கள் யார், எதனால் போனார் என்பதெல்லாம் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 'இந்தியாவுக்குரியவர்கள்' என்று பிரிக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. சிறுவனாகத் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினேன். மண்டபம் முகாமில் சில காலம் இருந்தோம். பிறகு கோத்தகிரிக்கு வந்தோம், மறுபடியும் தேயிலைக்கே. என்னைப் போல வந்தவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் கொட்டப்பட்டிலும் இருக்கிறார்கள். இன்னும் பல லட்சம் பேர் அட்டனிலும் பதுளையிலும் மாத்தளையிலும் அந்நாட்டுக் குடிமக்களாக வாழ்கிறார்கள். எங்கே இருந்தாலும் எங்கள் எல்லோருக்கும் பதில் தெரியாத கேள்வி ஒன்றுதான்: "உங்க சொந்த ஊர் எது?"

என் பூட்டனைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது இவ்வளவு. தோட்டத்து எண் அடித்த தகரச் சீட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர். திருச்சி ஜில்லா, துறையூர்ப் பக்கம். மேற்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். ஊரை ஒட்டி ஏரி, ஏரிக்கரையில் கருப்பு, பக்கத்தில் ஏழு கன்னிமார். ஒரு அண்ணன் உண்டு, தங்கைகள் உண்டு. அவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் ஊரிலேயே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த மடலும் அவர் ஒருவருக்காக எழுதுவது அல்ல.

எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "இங்கிலாந்தில் நூறு வருஷம் ஆனதும் குடிக்கணக்குத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 72 வருஷத்தில் திறக்கிறார்கள். அங்கே ஒரு பையன் தன் பாட்டனுக்குப் பாட்டன் எந்தத் தெருவில், என்ன வேலை செய்துகொண்டு, யார் யாரோடு இருந்தான் என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கிறான். நம்மையும் வெள்ளைக்காரன்தானே எண்ணினான், நம் தாள் எங்கே?"

எண்ணத்தான் செய்தார்கள். 1881-இலிருந்து இரண்டு கரையிலும் ஒரே நாளில் எண்ணினார்கள். 1881 பிப்ரவரி 17, 1891 பிப்ரவரி 26, 1901 மார்ச் 1, 1911 மார்ச் 10 ஆகிய நாட்கள் சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் பொதுவானவை. ஆக, 1911 மார்ச் 10 அன்று என் பூட்டன் கொல்லிமலைக்குக் கிழக்கே இருந்தாலும் சரி, தலவாக்கலைக்கு மேலே இருந்தாலும் சரி, ஏதோ ஒரு கணக்கில் ஓர் ஆளாகச் சேர்ந்திருப்பார். ஊர்க் கர்ணமோ தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோ அவர் பேரை ஒரு தாளில் எழுதியிருக்கவும் கூடும். ஆனால் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது கூட்டுத்தொகை. ஆண் இத்தனை, பெண் இத்தனை, இன்ன சாதி இத்தனை, இன்ன தொழில் இத்தனை என்று மொத்தம் போட்டுப் புத்தகமாக அச்சிட்டார்கள். பேர் எழுதிய தாள்களை எதிர்காலத்துக்கென்று காத்து வைக்கவில்லை. அந்த 1911 கணக்கெடுப்பில்தான் இலங்கையில் எங்களை 'இந்தியத் தமிழர்' என்று முதன்முதலாகத் தனித் தலைப்பில் பிரித்தார்கள். கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த டென்ஹாம் எழுதிய பெரிய அறிக்கை இன்றும் நூலகங்களில் கிடைக்கிறது. அதில் எங்கள் முன்னோர்கள் எத்தனை பேர் என்று இருக்கிறது. ஒருவருடைய பேர்கூட இல்லை. எங்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்து எழுதத் தெரிந்த அரசுக்கு, அந்தக் கூட்டத்தில் இருந்த ஆட்களின் பேர்களைக் காப்பாற்றத் தோன்றவில்லை என்பது என் மனத்தாங்கல். சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே நிலைமை மாறவில்லை. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரத்தை யாரும் பார்க்க முடியாது. எனவே குடிக்கணக்கு என்ற கதவு நமக்குத் திறக்காது என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு பேசுவோம்.

என்னை இதைவிட அதிகம் வதைக்கிற விஷயம் ஒன்று உண்டு. உங்கள் பக்கத்து ஊரிலிருந்தே நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர் இருந்திருப்பார். 1860-இலிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் அந்தப் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்திருக்கிறார்கள். மொரீஷியஸ் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன, பலருக்குப் படத்தோடு. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆளைக் கட்டிப்போட அந்த விவரம் தேவைப்பட்டது. அன்பினால் எழுதியது அல்ல. ஆனாலும் இன்று டர்பனிலிருந்து ஒரு பெண் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக உங்கள் ஊர் எல்லையில் வந்து நிற்க முடிகிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த இலங்கைக்குப் போனவருடைய கொள்ளுப்பேரனால் அது முடியவில்லை.

ஏனென்றால் இலங்கைக்குப் போனவருக்கு அந்த மாதிரி ஒப்பந்தச் சீட்டு கிடையாது. கங்காணி இருந்தார். கங்காணி உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வருவார், முன்பணம் கொடுப்பார், ஆட்களைக் கூட்டமாகத் திரட்டிக்கொண்டு போவார். யார் யாரைக் கூட்டிப்போனார் என்பது அவருக்குத் தெரியும், யார் எவ்வளவு கடன் என்பது அவருடைய கணக்கில் இருக்கும். தோட்டம் விட்டுத் தோட்டம் போவதென்றால் 'துண்டு' வேண்டும். கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. வட்டமான தகரத்தில் தோட்டத்துக்குரிய எண்ணை அடித்துக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். தட்டப்பாறை முகாமில் நிறுத்தி, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி, அந்த எண்ணைப் பார்த்தே எந்தத் தோட்டத்துக்கு என்று அனுப்பினார்கள். 1904-இல் ஆள் சேர்ப்பதைக் கவனிக்கவென்றே தோட்டக்காரர்கள் திருச்சியில் தலைமை அலுவலகம் திறந்தார்கள். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்த பிறகு மண்டபம் முகாம் வழியாகப் போனார்கள். இத்தனை ஏற்பாடும் ஆள் போய்ச் சேரும் இடத்துக்காகச் செய்தவை. புறப்பட்ட இடத்தைக் குறிக்கும் எழுத்து எதுவும் அந்தத் தகரத்தில் இல்லை.

பேர் தெரியாமல் போனதால் வந்த நஷ்டம் மனக்குறையோடு நின்றிருந்தால் இத்தனை நாள் பொறுத்ததுபோல் இன்னும் பொறுத்திருப்போம். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் எங்களிடம் தகப்பன் பிறந்த தாளையும் பாட்டன் பிறந்த தாளையும் கேட்டது. 1949-இல் வந்த சட்டம், கல்யாணமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் 1946 ஜனவரி 1-க்கு முன்னால் விடாமல் அங்கே குடியிருந்ததை நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் தவறாக எழுதியிருந்தது, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனபோது தொடர்ச்சி அறுந்தது, நடுவில் ஊருக்கு ஒருமுறை வந்துபோனது என்று ஏதாவது ஒன்றைக் காட்டி மனுக்களைத் தள்ளினார்கள். பிறகு இரண்டு அரசுகள் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பெயர் வேண்டிய இடத்தில் எங்களுக்கு எப்போதும் தொகையே கிடைத்தது.

இந்தியாவுக்கு வந்த பிறகு தேடலாம் என்று என்னைப் போன்றவர்கள் நம்பினோம். தேடினோம். தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பார்க்கச் சொல்வார்கள். அதில் சர்வே எண்ணுக்கு எதிரே பட்டாதாரர் பேர் இருக்கும். பட்டா வைத்திருந்தவர் எத்தனை பேர் தகரம் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்? போனவர்களில் மிகப் பெரும்பகுதி நிலமில்லாதவர்கள். பண்ணை ஆள்கள், வாரத்துக்கு உழுதவர்கள், தாது வருஷப் பஞ்சத்தில் எல்லாம் தொலைத்தவர்களின் பிள்ளைகள். சேரியிலிருந்து போனவர்கள் ஏராளம். பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்துப் பதிவேட்டில் பல இடங்களில் 'ஆண் குழந்தை' என்றும் தகப்பன் பேரும்தான் இருக்கும். குழந்தையின் பேருக்குரிய கட்டம் காலியாகவே கிடக்கும்.

அதனால்தான் அரசாங்கத்தை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன். அரசாங்கம் எழுதாததை உங்கள் ஊர் எழுதியிருக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

துறையூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் தம் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். நீளவாக்கில் மடித்து நூலால் தைத்தது. மேலட்டைக்குப் பழைய வேட்டித் துணியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கிய கணக்கு. இடது பக்கம் பேர், நடுவில் இன்னார் மகன், வலது பக்கம் அணா. மை காவி நிறத்துக்கு மாறிவிட்டது, எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. நாலாவது பக்கத்தில் ஒரு பேருக்கு நேரே அணா எழுத வேண்டிய இடத்தில் 'கண்டி' என்று இருந்தது. அடுத்த வருஷத்துப் பக்கத்திலும் அதே வரிசையில் அதே பேர், நேரே 'கண்டி'. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ஆள் கடல் தாண்டிப் போய்விட்டார், வரி தரப்போவதில்லை. இருந்தும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பேர்களைப் புதிதாக எழுதியவர் அவரை விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார். சில பக்கங்கள் தள்ளி அந்த இடத்தில் தம்பியின் பேர் வருகிறது. அவர் என் பூட்டன் அல்ல. வேறு யாருடைய பூட்டனோ. அவருடைய பேரன் பேத்திகள் இந்நேரம் பண்டாரவளையிலோ கூடலூரிலோ, தங்களுக்கு ஊரே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஊர் இருக்கிறது, தகப்பன் பேரோடு, தலைக்கட்டு வரிசையோடு, ஒரு தகரப் பெட்டிக்குள். இதற்கு முந்திய நோட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். கரையான் அரித்துவிட்டது, போகிக்கு எரித்துவிட்டோம் என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழி முடிவிலும் எனக்கு மனசு பதறுகிறது.

உங்கள் வீடுகளில் என்னென்ன இருக்கக்கூடும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அந்தக் காலத்தில் மணியார்டர் வந்தால் பாரத்தின் அடியில் கிழித்துக் கொடுக்கும் கூப்பன் ஒன்று இருந்தது. அனுப்பியவர் முகவரியும் அவர் எழுதிய இரண்டு வரியும் அதில் இருக்கும். அட்டனிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ வந்த அப்படியொரு கூப்பன் கம்பியில் குத்தித் தொங்கிய காகிதங்களோடு இன்னும் இருக்கலாம். கார்டில் எழுத்து அழிந்திருந்தாலும் தபால் முத்திரையில் ஊர்ப்பேரைப் படித்துவிடலாம். அந்த ஊரையும் தோட்டத்தின் பேரையும் கொடுத்தால் மீதியை நாங்கள் அங்கே தேடிக்கொள்வோம். தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பேரும் எங்கள் மக்கள் வழங்கிய தமிழ்ப் பேர் ஒன்றும் உண்டு. கடிதத்தில் எது இருந்தாலும் எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பித்தளை அண்டாவையும் செம்பையும் திருப்பிப் பாருங்கள். கண்டியிலிருந்து வந்த காசில் வாங்கிய பாத்திரத்தில் வாங்கிக் கொடுத்தவர் பேர் வெட்டியிருக்கும். குலசாமி கோயில் மணியிலும் வேலிலும் உபயம் செய்தவர் பேரும் சில சமயம் போன ஊரும் இருக்கும். பழைய பாத்திரத்தைப் போட்டு எவர்சில்வர் வாங்கும்போதும், கோயிலைப் புதுப்பிக்கும்போதும் முதலில் போவது இவைதான். எடைக்குப் போடும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஜாதக நோட்டில் வருஷத்தின் பேர் இருந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாது என்று இருந்தால் 1876-77 ஆகலாம், 1936-37 ஆகலாம். அறுபது வருஷ வித்தியாசத்தில் தாத்தாவா பேரனா என்பது வீட்டில் உள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், வெளியாளுக்குத் தெரியாது. உங்கள் தாத்தா கர்ணமாகவோ மணியமாகவோ இருந்து, 1980-இல் பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது சொந்தக் குறிப்பு நோட்டுகளை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பரணைக் கொஞ்சம் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னும் சுலபம். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் தகப்பன் பேர் உண்டு. சாமியாரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

காகிதமே இல்லாத வீடுகள் நிறைய என்பது எனக்குத் தெரியும். குறிப்பாக, எங்களில் மிகப் பலர் புறப்பட்டுப்போன சேரிகளில் எழுத்து நுழையவே விடவில்லை. அங்கே எல்லாம் வாய்வழிதான். தயவுசெய்து உங்கள் வீட்டுக் கிழவிகளிடம் கேளுங்கள். நிலம் யாருக்குப் போனது என்று ஆண்கள் சொல்வார்கள். எந்த அண்ணன் தங்கச்சி சீருக்கு வரவில்லை, எந்த மாமன் தொட்டிலுக்குத் துணி கொண்டுவரவில்லை, ஒப்பாரியில் யார் பேரைச் சொல்லி "கண்டியிலே நின்னுட்டியே" என்று அழுதார்கள் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். பெண் கட்டிக்கொடுத்த ஊரில் போய்க் கேட்டால் பிறந்த ஊரில் மறந்த பேர் கிடைக்கும்.

எங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. போனவர்கள் பலர் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போனார்கள். தேயிலை மலையில் லயத்துக்குப் பக்கத்தில் கல் நட்டு அதே பேரில் கும்பிட்டார்கள். சாமியின் பேர், அதன் காவல் தெய்வங்கள், பலி கொடுக்கும் முறை, எந்த மாதம் பொங்கல் வைப்பது என்பதெல்லாம் மூன்று தலைமுறையாக மாறாமல் அங்கே நடக்கிறது. ஊர்ப் பேரை மறந்தவர்கள் சாமியை மறக்கவில்லை. உங்கள் கோயில் வழக்கத்தையும் எங்கள் வழக்கத்தையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தால், எந்தப் பதிவேடும் காட்டாத ஊரை அது காட்டிவிடும் என்று நான் நம்புகிறேன்.

இனி, நீங்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை நானே சொல்லிவிடுகிறேன்.

"சிலோன்காரங்க" என்று சொல்லிக்கொண்டு ஊர் டீக்கடையில் யாராவது வந்து நின்றால், உங்களில் சிலருக்கு முதலில் வருவது பயம். பங்கு கேட்டு வந்திருக்கிறானோ என்ற பயம். ஒரு வீட்டில் நான் பேச ஆரம்பித்தபோது பெரியம்மா ஒருவர் ஆசையாக உட்கார்ந்து, "ஆமாய்யா, எங்க மாமனாருக்கு மூத்தவரு ஒருத்தரு..." என்று எடுத்தார். உள்ளேயிருந்து மகன் வந்து, "அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லைங்க" என்று பேச்சை முடித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு ஞாபகம் சரியாகத்தான் இருந்தது. அந்த மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அரை ஏக்கர் மானாவாரி நிலத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற ஊரில் அவர் பயந்தது நியாயம். உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்: நாங்கள் நிலம் கேட்டு வரவில்லை. வீடு கேட்டு வரவில்லை. வேண்டுமானால் பத்துப் பேர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். ஒரு பேரும் அந்தப் பேருக்கு ஒரு தகப்பனும் மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது, சாதி. தேடி வந்தவரிடம் முதலில் "என்ன ஆளுங்க நீங்க?" என்று கேட்டு, பதிலைப் பொறுத்து எந்தத் தெருவுக்கு அனுப்புவது, திண்ணையில் உட்காரச் சொல்வதா நிற்க வைப்பதா என்று முடிவு செய்கிறீர்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டில் எல்லோரும் நின்றார்கள், ஒரே அட்டை கடித்தது, ஒரே லயத்தில் கிடந்தார்கள். அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாறிக் கட்டிக்கொண்டவர்கள் அங்கே உண்டு, சாதியைச் சொல்லாமலே பிள்ளைகளை வளர்த்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருடைய பேத்தி உங்கள் ஊர் தேடி வந்தால் அவளால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பதில் தெரியாததற்காக அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் ஊரை விட்டு ஓடிப்போனவர்களில் சிலர் அந்தக் கேள்விக்குப் பயந்தே போனவர்கள்.

பழைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். போனவரைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு கரையிலும் மறைந்துவிட்டார்கள். பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். இந்தக் கடைசித் தலைமுறை போனால் எங்கள் பக்கத்தில் சாமி பேர் மட்டும் நிற்கும், உங்கள் பக்கத்தில் யாருக்கும் அர்த்தம் தெரியாத ஒரு நோட்டு நிற்கும். இரண்டையும் இணைத்துச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

கேட்கும்போது கொடுக்கவும் எங்களிடம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும்போது அவருடைய பேர் வந்ததும் எந்த நாளில் இறந்தார், எப்படி இறந்தார் என்று தெரியாமல் தாண்டிப் போயிருப்பீர்கள். அந்த நாளை நாங்கள் சொல்வோம். யார் கொள்ளி வைத்தார், எந்தத் தேயிலை மலைச் சரிவில் அடக்கம் செய்தோம் என்று சொல்வோம். அவர் பெற்ற பிள்ளைகள், பேரன்கள், இன்று ஆசிரியராகவும் நர்சாகவும் லாரி ஓட்டுநராகவும் இன்னும் கொழுந்து பறிப்பவராகவும் இருக்கும் உங்கள் பங்காளிகள் எல்லோரையும் சொல்வோம்.

ஆகையால் என் விண்ணப்பம் இதுதான். இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: நம்ம வகையில் கண்டிக்கோ மலேயாவுக்கோ யாராவது போனார்களா, பேர் என்ன, யார் மகன், கூடப் போனவர்கள் யார், எந்தக் கங்காணி கூட்டிப்போனார், கடைசியாக எப்போது சேதி வந்தது? சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதுங்கள். தப்பாக இருக்குமோ என்று விட்டுவிடாதீர்கள், சந்தேகம் என்று பக்கத்தில் குறித்தால் போதும். ஒரு பிரதியைக் கோயில் பெட்டியிலும் ஒன்றைப் பஞ்சாயத்து நூலகத்திலும் வையுங்கள். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் பழைய தலைக்கட்டு வரி நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவையுங்கள். படித்த பிள்ளைகளுக்கு ஒரு மத்தியான வேலை அது. இந்தப் போகிக்குத் தீயில் போடுவதற்கு முன் பரணில் உள்ள ஒவ்வொரு காகிதத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

எங்களில் யாராவது உங்கள் ஊருக்கு வந்து நின்றால், "உங்க குலசாமி எது, எந்த மாசம் பொங்கல் வைப்பீங்க?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். தெரிந்த பேராக இருந்தால் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால், அந்தச் சாமி எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்தவரிடம் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து, உங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன்